மனவலிமை என்னும் சாக்கு

தற்கொலை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தேனி, போடி, கம்பம் வட்டாரத்தில் இரண்டு வாக்கியங்கள் காதில் விழுகின்றன. டீக்கடையிலும் விழுகின்றன, ஆசிரியர்கள் ஓய்வறையிலும் விழுகின்றன, மேடைப் பேச்சிலும் விழுகின்றன. ஒன்று, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனவலிமை இல்லை." மற்றது, "சாகணும்னு முடிவு பண்ணிட்டவனை யார் தடுக்க முடியும்?" முதலாவது அக்கறையான அறிவுரைபோல ஒலிக்கிறது, இரண்டாவது அடிபட்டுத் தெளிந்த ஞானம்போல ஒலிக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. சாவுக்கான காரணம் முழுவதும் இறந்தவருடைய மனத்துக்குள்தான் இருந்தது, மற்றவர்கள் செய்யக்கூடியது புத்தி சொல்வது மட்டுமே என்ற நம்பிக்கை அது. நம் பள்ளிகளில் விழிப்புணர்வு என்ற பெயரில் நடப்பதும் அதன் வழியாக வந்ததுதான். செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் வந்தால் ஒரு பதாகை, ஒரு சிறப்பு விருந்தினர், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கையை நீட்டி ஓர் உறுதிமொழி, தன்னம்பிக்கை பற்றி முக்கால் மணி நேரச் சொற்பொழிவு. மறுநாள் பாடம் தொடங்கிவிடும். அந்த நம்பிக்கை தவறு என்பதோடு, தடுத்திருக்கக்கூடிய சாவுகளைத் தடுக்காமல் விட நமக்கு அனுமதி தருகிற தவறு என்றும் சொல்வேன். ஒரு மனிதர் தாங்க முடியாத ஒரு மணி நேரத்தைக் கடப்பாரா மாட்டாரா என்பதை, அந்த நேரத்தில் அவர் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இவ்விரண்டும் அரசும் ஊரும் பள்ளியும் மாற்றக்கூடியவை.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள், கைபேசி, செல்லம், தோல்வியைத் தாங்காத தலைமுறை என்று அடுக்குகிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்தில் வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு மரணத்தின் காரணத்தையும் விசாரித்துப் பதிவுசெய்தார்கள். 1992 முதல் 2001 வரையிலான பத்தாண்டுகளில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களிடையே தற்கொலை ஆண்டுக்கு லட்சத்துக்கு 148, ஆண்களிடையே 58 என்று 2004இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதி, அதற்கும் மேல், தற்கொலையால் நேர்ந்தவை. அப்போது அந்த ஊர்களில் எந்தப் பிள்ளையின் கையில் கைபேசி இருந்தது? எந்த வீட்டில் செல்லம் கூடிப்போயிருந்தது? இன்று மேடையில் நின்று இளைய தலைமுறையைக் கடிந்துகொள்கிறவர்களின் சொந்தத் தலைமுறைதான் அந்தக் கணக்கில் இருக்கிறது. கணியம்பாடி போன்ற ஓரிரு இடங்களைத் தவிர அன்று இப்படி வீடு வீடாக யாரும் எண்ணவில்லை, இன்று எண்ணுகிறோம். வித்தியாசத்தில் பெரும்பகுதி அதுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4. தமிழ்நாட்டில் 25.9. மனவலிமைதான் காரணம் என்றால், சராசரி இந்தியரைவிடத் தமிழருக்கு மனவலிமை பாதிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்ல எவரும் முன்வரமாட்டார்கள். இங்கே காவல்துறைப் பதிவு ஒழுங்காக நடப்பதால் எண்ணிக்கை கூடித் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் காவல்துறைக் கணக்கைச் சாராமல் வீடுகளில் விசாரித்து நடத்தப்பட்ட பத்து லட்சம் மரணங்கள் ஆய்வும், 2012இல் வெளியான முடிவுகளில், தென்மாநிலங்களில் விகிதம் கூடுதல் என்றே காட்டியது. நாடு முழுவதும் இறந்தவர்களில் சுமார் பாதிப்பேர் நச்சால், பெரும்பாலும் பூச்சிக்கொல்லியால், இறந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. 2022 கணக்கில் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், 26.4 விழுக்காடு, தினக்கூலிகள். குடும்பப் பிரச்சினை 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு எனக் காரணங்கள் பதிவாகியிருக்கின்றன. நாம் ஆண்டுதோறும் மே மாதத்தில் மட்டும் பதறுகிறோமே, அந்தத் தேர்வுத் தோல்வி நூற்றில் இரண்டுக்கும் குறைவு. அந்த இரண்டும் உயிர்கள்தான், அவற்றுக்கு வருகிறேன். ஆனால் நம் பேச்சு எங்கே இருக்கிறது, சாவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சாவு இருக்கும் இடத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் கிட்டத்தில் பார்க்கலாம். கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், கம்பம், கூடலூர் என்று அடிவாரத்து ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். பொழுது சாயும்போதுதான் திரும்புகிறார்கள். பிள்ளை தானே எழுந்து, தானே சோறு போட்டுத் தின்று, பள்ளிக்குப் போய், ஆளில்லாத வீட்டுக்குத் திரும்புகிறது. மழை வலுத்தாலோ எல்லையில் தகராறு வந்தாலோ கூலி இல்லை. குழுக்கடனின் வாரத் தவணை மட்டும் தவறாமல் வருகிறது. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். சாயங்காலம் டாஸ்மாக் வழியாக வீட்டுக்கு வரும் ஆள் மிச்சக் கூலியையும் கரைத்துவிட்டு வருகிறார். இதே வீட்டில், அல்லது பக்கத்து வீட்டில், திராட்சைக்கோ வாழைக்கோ அடித்த மருந்தின் மிச்சம் இருக்கிறது. திராட்சையும் ஏலமும் அடிக்கடி மருந்து கேட்கிற பயிர்கள். அரை ஏக்கர் குத்தகைக்காரரும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். பூட்டி வைக்கத் தனி அறை அவருக்குக் கிடையாது. தகராறு, அவமானம், தனிமை, போதை எல்லாம் உலகெங்கும் உண்டு. அவற்றோடு இவ்வளவு கொடிய நஞ்சு இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் உழவூர்களின் தனிச் சாபம். இதன் நடுவே நிற்கும் பெண்ணிடம் போய் மனவலிமையை வளர்த்துக்கொள் என்று சொல்வது எவ்வகை உதவி?

இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேடிப்போவார் என்பது கேட்பதற்குத் தர்க்கம்போல இருக்கும். அதைச் சோதித்துப் பார்த்த நாடு நமக்கு மிக அருகில் இருக்கிறது. இலங்கையில் 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அந்த ஆண்டில் மிகக் கொடிய வகைப் பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வந்தது. 1998இலும் 2008க்குப் பின்னும் மேலும் சில தடைசெய்யப்பட்டன. 2005க்குள் விகிதம் பாதியாயிற்று. 2015க்குள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. இருபதாண்டுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த இருபதாண்டுகளில் இலங்கை மக்களுக்கு மனவலிமை கூடும்படி என்ன நடந்தது? போர் நடந்தது, 2004இல் ஆழிப்பேரலை வந்தது, லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைகூட அப்படிக் குறைந்துவிடவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள், அவ்வளவுதான். பிழைத்தவர்கள் வேறு வழி தேடிப் போயிருந்தால் மொத்த விகிதம் அங்கேயே நின்றிருக்கும், அது சரிந்தது. அமெரிக்காவில் ஒரு பாலத்தில் கடைசி நொடியில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல்லாண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்த 1978ஆம் ஆண்டு ஆய்வில், நூற்றுக்கு 94 பேர் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். நாம் முடிவு என்று நினைப்பது பெரும்பாலும் ஒரு நெருக்கடி. அது ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் இருக்கும்போது கையில் அகப்படுவது எது என்பதைப் பொறுத்தே மறுநாள் இருக்கிறது.

இலங்கைகூட வேண்டாம், மலைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். கம்பத்திலிருந்து குமுளி இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. கேரளம் 2011இலேயே கொடிய பூச்சிக்கொல்லிகள் பலவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. அதன் பிறகு அங்கே பூச்சிக்கொல்லித் தற்கொலைகள் முன்பைவிட வேகமாகக் குறைந்தன என்றும், விளைச்சல் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றும் 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரே மலை, ஒரே ஏலம், ஒரே கூலியாட்கள். அந்தப் பக்கம் விற்கக்கூடாத மருந்து இந்தப் பக்கம் கடையில் அடுக்கியிருந்தது. தமிழ்நாடு அரசும் 2023இன் தொடக்கத்தில் ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தற்கொலையைத் தடுக்கும் நோக்கத்தோடு தடைசெய்தது, ஆனால் அறுபது நாளுக்கு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருப்பது அந்த அளவு அதிகாரம்தான் என்பார்கள். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதே சட்டத்தின் கீழ்தான் கேரளமும் இருக்கிறது. அது வழி கண்டது. அறுபது நாள் தடை வந்தபோது அந்த அறுபது நாளில் பயிர் அழிந்துவிடவில்லை. அப்படியிருக்க, இந்தத் தடை ஏன் மாவட்டத்தின் அன்றாட அரசியல் கோரிக்கையாக மாறவில்லை? சாவுக்குக் காரணம் மனவலிமைக் குறைவு என்று ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டோம். அதன்பின் கடை அலமாரியைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

விவசாயி என்ன செய்வார் என்ற மறுப்பு நியாயமானது. அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மருந்து இல்லாமல் திராட்சை இல்லை. ஆனால் பேச்சு எல்லா மருந்தையும் பற்றியது இல்லை. தவறுதலாகக் கொஞ்சம் உள்ளே போனாலும் ஆளைக் கொல்லும் சில வகைகளைப் பற்றியது. அவற்றுக்கு மாற்று இருக்கிறது என்று வேளாண் துறையே பட்டியல் தருகிறது. தெளிக்கும் கூலியாளின் நுரையீரலுக்கும் அவை கேடுதான். தடைக்குப் பதிலாக வீட்டிலேயே பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதாதா என்றும் கேட்பார்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். இலங்கையில் 180 கிராமங்களில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டுப் பூட்டுப் பெட்டிகளால் எந்தப் பயனும் தெரியவில்லை. சாவி வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் சென்னையின் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். ஊருக்குப் பொதுவான கிடங்கு, ஆளுக்கொரு பெட்டி, பொறுப்பாளர் ஒருவர். நஞ்சை வீட்டிலிருந்து வெளியே எடுத்தார்கள். 2013இல் வெளியான முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதை அளவுக்கு மீறித் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. தடைதான் முதல் வேலை. தடைக்கு உட்படாதவற்றுக்கு இப்படிப்பட்ட கிடங்குகளைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக முயன்று பார்க்கலாம்.

பள்ளிக்கு வருவோம். இங்கேயும் மனவலிமைக் கொள்கைக்கு நேரெதிராகச் சான்றுகள் நிற்கின்றன. தேர்வு முடிவு வந்த நாளில் பிள்ளைகள் சாவதைக் குறைக்கத் தமிழ்நாடு செய்த உருப்படியான காரியங்களில் இரண்டு, பிள்ளைகளின் மனத்தைத் தொடவே இல்லை. ஒன்று, தோற்ற பாடத்தை ஓர் ஆண்டு காத்திருக்காமல் சில வாரங்களிலேயே எழுதும் உடனடித் துணைத்தேர்வு. மற்றது, 2017இல் மாநில, மாவட்ட முதலிட அறிவிப்பைக் கைவிட்டது. இரண்டும் தேர்வின் ஏற்பாட்டை மாற்றின. தோல்வி அதே தோல்விதான். அதன் எடை குறைந்தது. ஆனாலும் நாம் ஆசிரியரைப் பிடித்து ஒரு நாள் பயிற்சி கொடுத்து, சோர்ந்த பிள்ளையைக் கண்டுபிடி என்று அனுப்புகிறோம். ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. ஆசிரியர் பயிற்சியால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. மாணவர்கள் தாங்களே நடித்துப் பார்த்து, விவாதித்து, நெருக்கடியில் தோழனுக்கு என்ன செய்வது, யாரிடம் போவது என்று பழகிய வகுப்புகளில் ஓராண்டுக்குப் பின் தற்கொலை முயற்சிகள் சுமார் பாதியாகக் குறைந்தன. பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018இல் வந்தது. ஊரிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்த ஆலோசகர் முழுநேரமாகப் பள்ளியில் இருந்த இடங்களில் மனச்சோர்வும் வம்பிழுத்தலும் குறைந்தன. அதே பாடத்திட்டத்தை ஆசிரியர் தலையில் கட்டிய பள்ளிகளில் ஒன்றும் மாறவில்லை. ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்பதாலா? அவர்களுக்கு நாற்பது நோட்டு திருத்த வேண்டியிருக்கிறது, 'எமிஸ்' இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. அதோடு, அடித்த ஆசிரியரிடமே போய் அழுகிற பிள்ளை எங்கும் இல்லை.

பட்டம் பெற்ற உளவியலாளர்கள் அத்தனை பேருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் நாளந்தாவே பதில் சொல்கிறது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. அதை நகர்ப்புறப் பயிற்சி மையங்களுக்கான தீர்ப்பு என்று ஒதுக்கிவிடாமல், உத்தமபாளையத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் வருசநாட்டுக் கள்ளர் பள்ளி விடுதிக்கும் உரியது என்று வாதாட வேண்டும். பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற இளம்பெண்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். பயிற்சியும் ஊதியமும் மேற்பார்வையும் கொடுத்தால் அந்த வேலையைச் செய்வார்கள். பிள்ளைகளின் பேச்சும் வீடும் அவர்களுக்குத் தெரியும்.

தற்கொலை பற்றிப் பிள்ளைகளிடம் பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பெற்றோரும் தலைமையாசிரியர்களும் உண்மையாகவே அஞ்சுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது: நேரடியாகக் கேட்கப்பட்டவர்களுக்குத் துயரம் கூடவில்லை; ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலே கிடைத்தது. எண்ணத்தைப் பரப்புவது வேறு. எப்படி இறந்தார் என்று விவரித்து, படம் போட்டு, ஒற்றைக் காரணத்தைத் தலைப்பாக்கும் செய்தி பரப்புகிறது. இறந்த பிள்ளையின் கடைசிக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடும் கை பரப்புகிறது. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் இதற்கு நெறிமுறை வகுத்தும் மாவட்டப் பதிப்புகளில் அது எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளையிடம் அமைதியாகக் கேட்பதற்கு அஞ்சுகிற நாம், இந்த விவரங்களைச் சாப்பாட்டு வேளையில் சத்தமாக வாசிக்க அஞ்சுவதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத ஒன்று, பிழைத்து வருகிறவர்களை நாம் கைவிடும் விதம். ஒருமுறை முயன்றவருக்கே மறுமுறை ஆபத்து மிக அதிகம். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரை மீட்டுக் கொடுக்கிறார்கள். அங்கிருந்து கடமலைக்குண்டுக்கோ தேவாரத்துக்கோ திரும்பும் ஆளுக்கு அடுத்த வாரம் யார் வாசலில் வந்து நிற்கிறார்கள்? சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் உலகச் சுகாதார நிறுவனம் 1,867 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. மருத்துவமனையில் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு, அவ்வளவே செய்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். இதற்குப் புதுத் துறை வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கப் பெண் தன்னார்வலர்கள் அதே தெருக்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் அதற்கான தனித் தொகையும் கொடுத்து, அந்த ஒன்பது விசாரிப்புகளை ஒப்படைக்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வேறு ஏதோ சொல்லிச் சேர்க்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. கைநீட்டி உறுதிமொழி எடுக்கச் செய்யும் கூட்டத்தில் இந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால் சில வீடுகளாவது மருத்துவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கும்.

அப்படியானால் மனமே இல்லையா, மனநோய் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, மனச்சோர்வு நோய்தான், மருந்தும் சிகிச்சையும் அதற்கு உண்டு, மாவட்ட மனநலத் திட்டமும் கட்டணமில்லாத 14416 'டெலி மானஸ்' எண்ணும் அதற்காகவே இருக்கின்றன. இரவு எந்நேரமும் தமிழில் பேசலாம். இதைப் படிக்கிறவர்களில் எவருக்காவது அப்படி ஒரு பாரம் இருந்தால் இப்போதே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் உள்ள ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நோய் என்று ஒப்புக்கொண்டால் வலிமைப் பேச்சை நிறுத்தத்தானே வேண்டும்? காசநோய்க்காரரிடம் நுரையீரல் வலிமையை வளர்த்துக்கொள் என்று யாரும் சொற்பொழிவாற்றுவதில்லை. நோயே இல்லாமல், கடனாலும் அடியாலும் மட்டும் அந்த விளிம்புக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2025இல் இயற்றியபோது, வாசலில் வந்து மிரட்டும் வசூலுக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று அரசே ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டம் காவல் நிலையத்தில் புகாராக மாற உதவும் ஆள் ஒருவர், உளவியல் ஆலோசகருக்கு நிகரான தடுப்புப் பணியாளர்தான்.

தேனியில் ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. முல்லைப் பெரியாறு நீர் திறப்பு, காட்டுப்பன்றி, கொள்முதல் விலை எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. மாவட்டத்தில் எந்தெந்த ஊரில், எந்த மருந்தால், எத்தனை பேர் க.விலக்குக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்ற கணக்கு மருத்துவமனையில் இருக்கிறது. எந்தக் கடை எவ்வளவு விற்றது என்ற கணக்கு வேளாண் துறையில் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு இரண்டு கணக்குகளையும் அந்தக் கூட்டத்தில் ஒரே மேசையில் வைக்கும்படி, அடுத்த மாதமே, விவசாயச் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் மனுக் கொடுக்கலாம்.